‘அல்லது’ என்று வைத்த வாசல்: நண்டுக் கொட்டிலில் விரலும் முகமும்

“மெசின் விரலை எடுக்குதில்லை.”

யாழ்ப்பாணக் கரையோரத்தில் கடலுணவு பதனிடும் இடமொன்றில், காலை வரவுப் பதிவு நேரம் பக்கத்தில் நின்றால் இந்த வசனம் காதில் விழும். விழுந்த கையோடு மேற்பார்வையாளர் மேசை லாச்சியைத் திறந்து கொப்பியை எடுப்பார். பெயர், நேரம், ஒரு கையெழுத்து, முடிந்தது. மெசினுக்குச் செலவழித்த காசு முழுவதும் அந்தக் கொப்பியில் கரைகிறது.

எடுத்துக்கொண்ட இடம், நீலக்கால் நண்டை அவித்துச் சதை பிரித்துப் பொதிசெய்யும் கொட்டில். பாசையூர், குருநகர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். 80 பேர் வேலை செய்கிறார்கள், அநேகர் பெண்கள். நாட்சம்பளம் வரவைப் பார்த்துக் கிடைக்கும். அதற்கு மேல் பிரித்த சதையின் கிலோக் கணக்கு. வராத ஒருவருக்காக இன்னொருவர் பதிந்தால் காசு நேரே கைமாறும். எந்த நிறுவனத்தையும் குறித்து இது எழுதப்படவில்லை. ஆட்தொகை, பிழை வீதம், புள்ளிகள் எல்லாம் கணக்குக் காட்ட எடுத்த எண்கள். கோளாறுகளும் அவற்றின் காரணங்களும் அப்படியல்ல.

விரல் ஏன் எடுபடவில்லை

ஒளியால் பார்க்கும் விரல் மெசினில் ரேகையின் மேடு கண்ணாடியில் பட்ட இடம் கறுப்பு, பள்ளம் வெள்ளை. அங்குலத்துக்கு 500 புள்ளி அடர்த்தியில் படம் எடுத்து, கோடு எங்கே முடிகிறது, எங்கே கிளைக்கிறது என்று குறித்துவைக்கும். ஈர விரலில் தண்ணீர் பள்ளங்களை நிரப்பிவிடுவதால் முழுவதும் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும். முன்னுக்கு வைத்தவரின் ஈரம் கண்ணாடியில் கிடந்தால் அவருடைய ரேகையின் தடமும் அடுத்தவரின் படத்துக்குள் கலந்துவிடும்.

இது துடைத்தால் போகிற கோளாறு. துடைத்தும் போகாதவை மூன்று உண்டு. நெடுநேரம் தண்ணீரில் கிடந்த விரல் நுனி சுருங்கும். தோல் ஊறிப் பெருப்பதால் அல்ல. நரம்பின் தூண்டலால் உள்ளே இரத்தக் குழாய்கள் ஒடுங்க, தோல் உள்வாங்கப்படுகிறது. அந்தச் சுருக்கக் கோடுகளையும் மெசின் ரேகை என்றே வாசிக்கும். இரண்டாவது, கை கழுவும் குளோரின் தண்ணீர். நாள்தோறும் அதில் கை வைத்தால் தோல் வறண்டு உரியும். மூன்றாவது, நண்டோடு. கத்தி பிடிக்கும் கையை விட நண்டைப் பிடிக்கும் கைதான் அதிகம் குத்துப்படும். அந்தக் கையின் சுட்டுவிரலும் பெருவிரலும் கீறலும் தழும்புமாக இருக்கும். பதிவுக்குப் பலரும் முதலில் நீட்டுவதும் சுட்டுவிரலையோ பெருவிரலையோதான்.

வறண்ட விரலுக்கு ஒரு கைவைத்தியம் எல்லா இடத்திலும் நடக்கிறது: “அக்கா, நெற்றியில ஒருக்கா தேய்ச்சிட்டு வையுங்கோ.” அது வேலை செய்யும். நெற்றியின் எண்ணெய்ப் பசை மேட்டைக் கண்ணாடியோடு ஒட்டவைக்கிறது. ஈர விரலுக்கு அதே வைத்தியத்தைச் செய்தால் நிலைமை மோசமாகும்.

உரிய ஆளையே 100 தடவையில் 8 தடவை மெசின் மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80 பேரில் நாளொன்றுக்கு ஆறு, ஏழு பேர் கொப்பிக்குப் போகிறார்கள். மாற்றாள் ஒருத்தி மெசினை ஏமாற்றத் தேவையில்லை. ஈர விரலை மூன்று தரம் வைத்துவிட்டு, எடுக்குதில்லை என்று சொன்னால் போதும்.

முகத்தைச் சேர்த்தபோது

இப்போது கடையில் கிடைக்கும் வரவு மெசின்களில் விரலும் முகமும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே வழக்கமான தீர்வு, முகத்தையும் இயக்கிவிடுவது. பதிவு முறையைத் தெரிவுசெய்யும் பட்டியலில் பல மெசின்களில் இரண்டு குறிகள் இருக்கும்: சாய்கோடு என்றால் ‘விரல் அல்லது முகம்’, கூட்டல் என்றால் ‘விரலும் முகமும்’. பொருத்த வருபவர் சாய்கோட்டை வைத்துவிட்டுப் போவார். வரிசை வேகமாக நகரும், முறைப்பாடு நிற்கும், எல்லாருக்கும் சந்தோசம்.

கணக்கைப் பார்ப்போம். விரல் பிறத்தியாரை 10,000க்கு ஒரு தடவை ஏற்கிறது, உரியவரை 100க்கு 8 தடவை மறுக்கிறது. முகம் பிறத்தியாரை 100க்கு ஒரு தடவை ஏற்கிறது, உரியவரை 100க்கு 3 தடவை மறுக்கிறது. நல்ல முக மென்பொருள் இதைவிடப் பன்மடங்கு திறம். ஆனால் மலிவான கமரா, எதிர்வெயில், ஒரே கொட்டிலில் அக்கா தங்கைமார் என்று வரும்போது தாராளமாக எடுப்பதே நல்லது. ஒன்றின் பிழை மற்றதைச் சாராது என்றும் இப்போதைக்கு வைப்போம்.

‘அல்லது’ போட்டால் உரியவர் மறுக்கப்படுவது 0.08 × 0.03, அதாவது 0.24 சதவீதம். ஐந்து நாளைக்கு ஒருவர்தான் கொப்பிக்குப் போவார். ஆனால் பிறத்தியார் நுழையும் வீதம் 0.01 சதவீதத்திலிருந்து 1.01 சதவீதமாகிறது. விரல் மட்டும் இருந்த வாசலைவிட 101 மடங்கு தளர்வு. ‘இரண்டும்’ போட்டால் பிறத்தியார் பத்து இலட்சத்துக்கு ஒருவர். உரியவர் மறுக்கப்படுவது 10.76 சதவீதம். 80 பேரில் எட்டு, ஒன்பது பேர், முன்னையதைவிடக் கூட. கொப்பி மறுபடி மேசைக்கு வருகிறது.

கருவிழி அடையாள முறையை உருவாக்கிய கேம்பிரிட்ஜ் பேராசிரியராக இருந்த ஜோன் டாக்மன் முன்னரே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். வலிய சோதனை ஒன்றோடு மெலிந்த சோதனையை, வெட்டுப்புள்ளிகளை (எவ்வளவு பொருத்தப் புள்ளி வந்தால் ஏற்பது என்ற எல்லைகளை) மாற்றாமல் சும்மா சேர்த்தால், ஒரு பக்கப் பிழை குறையும், மறுபக்கப் பிழை வலிய சோதனை தனியே நின்றதைவிடக் கூடும். இரண்டு அடையாளம் என்றால் இரட்டைப் பாதுகாப்பு என்று விற்பனைத் துண்டுப்பிரசுரத்தில் போடுவது இந்தக் கணக்கைப் போடாதவர்கள் எழுதுவது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது. முகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போகும்போது, மெசின் ‘நீ இன்னார்தானா’ என்று பார்ப்பதில்லை. 80 பேரில் நீ யார் என்று தேடுகிறது. பிறத்தியாரை 100க்கு ஒரு தடவை ஏற்கும் முகச் சோதனையை மற்ற 79 பேரோடும் ஓட்டிப் பார்த்தால், யாராவது ஒருவரோடாவது பிழையாகப் பொருந்தும் வாய்ப்பு 1 − 0.99⁷⁹. ஏறத்தாழ 55 சதவீதம். அவற்றுள் கூடிய புள்ளி எடுத்தவரை மெசின் தெரிவதால் பெரும்பாலும் உரியவரே வெல்வார். ஆனால் முகக்கவசத்தோடோ நிழலிலோ உரியவரின் புள்ளி இறங்கும் நாளில் பக்கத்து வரிசை அக்காவின் பெயருக்கு வரவு விழும். விரலுக்கு இதே கணக்கு 0.8 சதவீதம்தான். முதலில் செய்ய வேண்டியது காசு செலவில்லாதது: ஒவ்வொருவருக்கும் ஒரு தொழிலாளர் இலக்கம். அதை அழுத்திய பிறகே விரலும் முகமும். தேடுதல் நின்று ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடுதல் மட்டும் மிஞ்சும். மூன்று செக்கன் கூடச் செலவாகும். 15 நிமிடத்தில் 80 பேர் என்றால் தலைக்கு 11 செக்கன் இருக்கிறது, போதும்.

தீர்ப்பைச் சேர்க்காதே, புள்ளியைச் சேர்

‘அல்லது’, ‘இரண்டும்’ ஆகிய இரண்டு முறையிலும் மெசின் விரலுக்கு ஆம்/இல்லை, முகத்துக்கு ஆம்/இல்லை என்று தீர்ப்புச் சொன்ன பிறகே அவற்றைச் சேர்க்கிறோம். மயிரிழையில் தவறியதும் கோட்டுக்கு வெகு கீழே கிடந்ததும் அப்போது ஒன்றாகிவிடுகின்றன. தீர்ப்புக்கு முன்னாலிருக்கும் புள்ளிகளைச் சேர்த்தால் அந்த வேறுபாடு காப்பாற்றப்படும்.

சிக்கல் என்னவென்றால் விரல் புள்ளி 0 தொடக்கம் சில நூறு வரை போகும். முகப் புள்ளி 1க்குள் நிற்கும். அப்படியே கூட்ட முடியாது. உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரசாயனவியலில் எடுத்த புள்ளியையும் உயிரியலில் எடுத்த புள்ளியையும் அப்படியே கூட்டாமல், இசட் புள்ளியாக்கிச் சேர்ப்பது அதே காரணத்துக்காகத்தான். சராசரியைக் கழித்து நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால், வகுப்பது. இங்கே எடுக்க வேண்டியது பிறத்தியார் புள்ளிகளின் சராசரியும் விலகலும்: ஒருவருடைய விரல் இன்னொருவருடைய பதிவோடு பொதுவாக எவ்வளவு பொருந்துகிறது என்பது.

விரலில் பிறத்தியாரின் சராசரி 12, விலகல் 8 என்று கொள்வோம். வெட்டுப்புள்ளி 52, அதாவது இசட் 5. முகத்தில் சராசரி 0.20, விலகல் 0.10. வெட்டுப்புள்ளி 0.60, இசட் 4.

மழைக்கால விடியலில் ஒரு பெண் ஈரக் கையோடு வருகிறார். விரல் 36, முகம் 0.56. இரண்டிலும் தவறுகிறார், ‘அல்லது’ வாசல்கூட அவரை விடாது. அவருக்குப் பின்னால், அதே இலக்கத்தை அழுத்திக்கொண்டு, அவருடைய தங்கை. முகச் சாயல் அப்படி: 0.58, அக்காவின் அன்றைய புள்ளியைவிடக் கூட. விரல் 12. முறைப்பாடு பொறுக்காமல் முக வெட்டுப்புள்ளியை 0.55க்கு இறக்கினால் ‘அல்லது’ வாசலில் அக்காவும் போவார், தங்கையும் போவார்.

புள்ளியைச் சேர்த்துப் பாருங்கள். அக்காவுக்கு விரலில் (36−12)/8 = 3, முகத்தில் (0.56−0.20)/0.10 = 3.6, கூட்டு 6.6. தங்கைக்கு விரலில் 0, முகத்தில் 3.8, கூட்டு 3.8. கூட்டு வெட்டுப்புள்ளியை 5 என்று வைத்தால் அக்கா உள்ளே, தங்கை வெளியே. தனித்தனியே தவறிய இரண்டு புள்ளிகள் சேர்ந்து ஒருவரை அடையாளம் காட்டுகின்றன. பிறத்தியார் ஒருவருக்கு இரண்டு அடையாளமும் ஒரேயடியாக அரைகுறையாகப் பொருந்துவது அரிது என்பதே இதன் அடிப்படை.

எடை போடுவதில் உள்ள பொறி

விபரமானவர்கள் அடுத்த படிக்குப் போவார்கள்: விரல் படம் மோசமாக வந்தால் விரலுக்கு எடையைக் குறை, முகத்துக்குக் கூட்டு. படத்தின் தரத்தை அளக்க அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட என்எப்ஐக்யூ 2 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 0 முதல் 100 வரை தரம் சொல்லும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

விரல் தரம் குறைந்ததால் எடை விரலுக்கு 0.6, முகத்துக்கு 1.4 ஆகிறது என்போம். அக்காவுக்கு 1.8 + 5.04 = 6.84. நல்லது. தங்கைக்கு 0 + 5.32 = 5.32. வெட்டுப்புள்ளி 5. தங்கை உள்ளே போய்விட்டார். விரலை வேண்டுமென்றே நனைத்து வைத்தால் போதும், பாரம் முழுவதும் தனக்குச் சாதகமான பக்கம் சாயும் என்று அவர் கண்டுபிடிக்க ஒரு கிழமை எடுக்காது. ஒரு அடையாளத்தைக் கெடுப்பதே உள்ளே போகும் வழியாகிவிடுகிறது.

ஆகவே இந்த மாதிரி இடத்தில் எடையைச் சமமாக விட்டு, ஒவ்வொரு அடையாளத்துக்கும் அடிமட்டம் ஒன்று வைப்பதே எங்கள் தெரிவு. கூட்டு 5க்கு மேலே இருக்க வேண்டும். அதோடு எந்தப் புள்ளியும் இசட் 1.5க்குக் கீழே போகக்கூடாது. விரலில் அது 24. ஈரத்திலும் உரிய விரல் பெரும்பாலும் அதைத் தாண்டும். பிறத்தியார் விரல் பெரும்பாலும் தாண்டாது. போனில் அக்காவின் படத்தைக் கமராவுக்குக் காட்டும் தந்திரத்துக்கும் இதுவே தடை. முகப் புள்ளி எவ்வளவு உயர்ந்தாலும் விரல் அடிமட்டம் விடாது. உயிருள்ள முகமா என்று பார்க்கும் வசதி மெசினில் இருந்தால் அதையும் இயக்க வேண்டும். அந்தச் சோதனையை மதிப்பிட ஐஎஸ்ஓ/ஐஈசி 30107-3 என்ற நியமம் உண்டு. விற்பவரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள். இல்லையென்றால் அவர் முகம் மாறுவதிலேயே தெரியும்.

எல்லா வரவு மெசினும் புள்ளியை வெளியே தராது. தராத மெசினோடு மாட்டிக்கொண்டால் ‘இரண்டும்’ முறையை வைத்து, இரண்டு வெட்டுப்புள்ளியையும் கொஞ்சம் இறக்குவதே அடுத்த வழி. ‘இரண்டும்’ பிறத்தியாரை அடியோடு குறைப்பதால் இறக்க இடமிருக்கிறது.

எண்களை எங்கிருந்து எடுப்பது

தொழிற்சாலை வைத்துத் தரும் வெட்டுப்புள்ளி வேறு யாரோ உலர்ந்த கையோடு கொடுத்த புள்ளிகளிலிருந்து வந்தது. இங்குள்ள 80 பேரின் பதிவை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 80 × 79 / 2 = 3,160 பிறத்தியார் சோடிகள் கிடைக்கும். சராசரியும் விலகலும் எடுக்க இது போதும்.

எடுக்க முன்னர், ஆகக் கூடிய புள்ளி வந்த பத்துச் சோடிகளைக் கண்ணால் பாருங்கள். ஒரே ஆள் இரண்டு இலக்கத்தில் பதியப்பட்டிருந்தால் அது அங்கே 300 என்று நிற்கும். அப்படி ஒரு சோடி மட்டும் தப்பினாலே விலகல் 8லிருந்து 9.5 ஆகும், அக்காவின் ஈர விரல் இசட் 3லிருந்து 2.5க்கு இறங்கும். சராசரிக்குப் பதில் இடையத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்), நியம விலகலுக்குப் பதில் அந்த இடையத்திலிருந்து உள்ள தூரங்களின் இடையத்தையும் எடுத்தால் இந்தத் தாக்கம் குறையும். ஆனால் அந்த இரட்டைப் பதிவு தவறுதலா, இல்லாத ஒரு ஆளுக்குச் சம்பளம் போகிறதா என்று பார்ப்பது இடையத்தால் ஆகாத வேலை.

3,160 சோடியிலும் ஒரு பிழைகூட இல்லை என்றால் பிழையே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. பிழை பூச்சியம் எனும்போது 95 சதவீத நம்பிக்கையில் மேல் எல்லை 3/3160, அதாவது ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. பத்தாயிரத்துக்கு ஒன்று என்று சொல்ல 30,000 சோடி வேண்டும், அவையும் ஒன்றையொன்று சாராதவையாக. 80 பேரைக் கொண்டு அதைச் சொல்ல முடியாது. ஆய்வுகளில் பயன்படும் நிஸ்டின் பிஎஸ்எஸ்ஆர்1 புள்ளித் தொகுப்பில்கூட, ஒரே ஆளின் விரலும் முகமும் சேர்ந்த பகுதியில் இருப்பவர்கள் 517 பேர்தான்.

இரண்டு அடையாளமும் ஒன்றையொன்று சாராது என்று மேலே வைத்த கணக்கு உடைவதும் பதிவிலேதான். அவசரத்தில், வேலை முடிந்த நேரத்தில், ஒரே நாளில் 80 பேரையும் வரிசையில் விட்டுப் பதிந்தால் விரலும் கெடும், முகமும் கெடும். அதே ஆட்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தவறும். மேலே பெருக்கி எடுத்த 0.24 சதவீதம் அப்போது வெறும் காகித எண்.

பதிவும் இடமும்

பதிவை வேலை தொடங்க முன் வைக்க வேண்டும், நாளுக்கு 15 பேருக்கு மேல் வேண்டாம். கையைச் சவர்க்காரத்தால் கழுவி, பருத்தித் துவாயால் துடைத்து, ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். பத்து விரலையும் மூன்று தரம் வைத்து, தன்னோடு தான் நன்றாகப் பொருந்தும் விரல்களில் நான்கைத் தெரியுங்கள், இரண்டு கையிலும் இரண்டாக. நண்டு பிடிக்கும் கையின் சுட்டுவிரல் அநேகமாகத் தேறாது. நடுவிரலும் மோதிரவிரலும் தேறும். இந்தியாவின் ஆதாரிலும் ஒவ்வொருவருக்கும் நன்றாக எடுபடும் விரல் எதுவென்று கண்டறியும் ஏற்பாடு இருந்தது. உழைக்கும் கைகள் எங்கும் ஒன்றுதான். தெரிந்த விரலைத் தொழிலாளர் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தால் “எந்த விரல் தங்கச்சி வைச்சனான்?” என்ற கேள்வி நிற்கும். விரல் நுனியில் மருதாணி இருந்தால் அன்றைக்குப் பதிய வேண்டாம்.

முகத்தை இரண்டு வெவ்வேறு நாளில் எடுக்க வேண்டும். தலைவலையும் முகக்கவசமும் போட்ட பிறகு முகம் காட்டச் சொல்வதுதான் இங்கே நடக்கும் பொதுவான பிழை. அதற்கு முகக்கவச மென்பொருள் வாங்கத் தேவையில்லை. மெசினைக் கழற்றி, உடை மாற்றும் அறைக்கு முன்னால் கொண்டுபோய்ப் பூட்டுங்கள். கை கழுவும் தொட்டிக்கும் அது முன்னால் இருப்பதால் விரலும் உலர்ந்து வரும். இந்தப் பத்தடி இடமாற்றம் மட்டும் எந்தச் சூத்திரத்தையும்விடக் கூடப் பயன் தரும்.

கிழக்கு வாசலுக்கு நேரே கமரா வேண்டாம். காலை ஆறரைக்கு ஆளின் முதுகில் வெயில் விழுந்தால் முகம் இருட்டு; கமராவின் கண்ணில் நேரே விழுந்தால், உயிருள்ள முகமா என்று அகச்சிவப்பில் பார்க்கும் பகுதியே குருடாகும், வெயிலிலும் அதே கதிர் நிறைய இருப்பதால். தெற்கு அல்லது வடக்குச் சுவர், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, முகத்துக்கு முன்னால் ஒரு ரியூப் லைற். கரண்ட் போனாலும் மெசினும் லைற்றும் ஓட ஒரு சிறிய யூபிஎஸ். உள்ளே இருக்கும் நாணய பற்றரி செத்தால் மெசின் மணிக்கூடு பின்னுக்குப் போய், எல்லாரும் நடுச்சாமத்தில் வேலைக்கு வந்ததாகப் பதியும்.

கருவிழி ஏன் இல்லை என்று கேட்கலாம். எங்கள் கரும்பழுப்புக் கண்ணில் சாதாரண வெளிச்சத்தில் இழை தெரியாது. அகச்சிவப்புக் கமரா வேண்டும். துல்லியம் உச்சம்தான், ஆனால் விலையும் அப்படி. விரல் நாள மெசின் தோலின் மேற்பரப்பைப் பார்க்காததால் நண்டுக் கைக்கு நல்ல பொருத்தம். ஐஸ் பிடித்த கையில் நாளம் ஒடுங்கும் என்பதை மட்டும் வாங்க முன் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பதிந்ததை வைத்திருப்பது

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரியல் அடையாளங்களை விசேட வகைத் தரவில் சேர்த்திருக்கிறது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. படத்தை வைத்திருக்காமல் அடையாளக் குறிப்பை மட்டும், மறைகுறியாக்கி வைத்திருங்கள். திருத்த வந்தவர் பென் ட்ரைவில் 80 பேரின் பதிவையும் ‘பக்கப்’ என்று எடுத்துக்கொண்டு போவதை யாரும் கவனிப்பதில்லை. வேலையை விட்டுப் போனவரின் பதிவை அன்றைக்கே அழியுங்கள். விரல் குறிப்பு ஐஎஸ்ஓ/ஐஈசி 19794-2 என்ற சர்வதேச நியம வடிவில் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். கிடைக்காவிட்டால் மெசின் மாறும் நாளில் 80 பேரையும் திரும்ப வரிசையில் விட வேண்டியிருக்கும்.

கொப்பி

எந்த முறையிலும் சிலர் மிஞ்சுவார்கள். விரல் தோல் நிரந்தரமாக உரிந்தவர், தீக்காயத் தழும்புள்ளவர். அவர்களுக்கு விரல் அடிமட்டத்தைத் தளர்த்த வேண்டாம், தளர்த்தினால் அந்த இலக்கமே மாற்றாளுக்குத் திறந்த கதவு. அவர்களை முகமும் அட்டையும் இரகசிய இலக்கமும் என்று தனியே பதியுங்கள். விரல் தர மறுப்பவருக்கும் அதே வழி.

கொப்பியை ஒழிக்க முடியாது, கரண்டும் மெசினும் ஒருநாள் கைவிடும். ஆனால் அதில் பதிய மேற்பார்வையாளரும் சம்பளம் போடுபவரும் இருவரும் ஒப்பமிட வேண்டும், காரணமும் எழுத வேண்டும்: ஈரம், காயம், முகம், கரண்ட். ஒரே இலக்கம் தொடர்ந்து மூன்று நாள் வந்தால் நாலாம் நாள் புதிதாகப் பதிவு. வெள்ளிக்கிழமை வரிகளை எண்ணுங்கள். காயம் என்று கூடினால் விரலை மாற்றிப் பதிய வேண்டும். முகம் என்று கூடினால் அநேகமாக யாரோ ரியூப் லைற்றைக் கழற்றி ஐஸ் அறைக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.